எண் போடாத மூட்டை

ஏற்காட்டில் மூட்டை காணாமல் போவது புதிதில்லை. ஆனால் இருநூற்றைம்பது மூட்டை ஏற்றி, இருநூற்றைம்பதும் பத்திரமாகச் சென்னைத் துறைமுகத்தில் போய் இறங்கி, அதற்குப் பிறகும் ஒரு மூட்டையைக் காணவில்லை என்று சொன்னால் யாரைப் போய்க் கேட்பது?

1998ஆம் வருஷம், பிப்ரவரி மாதம், ஒரு புதன்கிழமை காலை. ஒண்டிக்கடை என்ற இடத்தில் இருந்த மளிகைக் கடையின் மாடியறையில் ஷஹீதா கணினியைப் போட்டாள். டெலிபோன் கம்பி வழியாக அது சென்னையைக் கூப்பிடும். கூப்பிடும்போது பூனை வாலை மிதித்த மாதிரி ஒரு சத்தம் போடும். மேகம் இறங்கின நாட்களில் லைன் மூன்று தடவை அறுந்து நாலாவது தடவைதான் கிடைக்கும். அன்று வெளியே எதிர்க் கடை தெரியாத அளவுக்கு மேகம். ஆனால் முதல் தடவையிலேயே லைன் கிடைத்துவிட்டது. அதுவே அவளுக்குச் சரியாகப் படவில்லை.

திரையில் நாலு கட்டங்கள் வரும். சரக்கைப் பதிவு செய்தாயிற்று, சரக்கு துறைமுகம் வந்தாயிற்று, சோதனை முடிந்தது, கப்பலேற்ற அனுமதி. முதல் இரண்டும் பச்சையாக இருந்தன. மூன்றாவது கட்டம் சிவந்து கிடந்தது. அதன் கீழே இரண்டே வரி. முதலாம் எண் மூட்டை இல்லை. எண் போடாத மூட்டை ஒன்று.

ஷஹீதா அதை மூன்று தடவை படித்தாள். பிறகு படியிறங்கி ஓடிப்போய் அத்தாவைக் கூப்பிட்டாள்.

முகமது இஸ்மாயில் பாய் கீழே மளிகைக் கடை நடத்தினார். நாகலூரில் ஒரு குடோன் வைத்திருந்தார். சுற்றுவட்டத்துச் சின்னத் தோட்டக்காரர்களிடம் காப்பிக்கொட்டை வாங்கி, தரம் பிரித்து, மூட்டை கட்டி, இருபது வருஷமாகச் சேலத்து வியாபாரிக்குத்தான் போட்டுக்கொண்டிருந்தார். இந்த வருஷம்தான் இத்தாலிக்காரன் ஒருவனுக்கு நேரடியாகக் கப்பலில் அனுப்பத் துணிந்தார். சென்னையில் சரக்கைக் கப்பலேற்றிக் கொடுக்கும் ஏஜெண்ட் சொன்னதால் இந்தக் கணினியையும் வாங்கினார். சேலத்தில் எட்டு மாதம் கம்ப்யூட்டர் படித்த மகள் வீட்டிலேயே இருக்கிறாளே என்ற தைரியம்.

ஏஜெண்ட் சொன்ன ஏற்பாடு இதுதான். ஒவ்வொரு மூட்டைக்கும் ஓர் எண். எந்த எண் மூட்டையில் என்ன தரம், எத்தனை கிலோ என்பதை ஏற்காட்டிலேயே கணினியில் ஏற்றிவிட வேண்டும். அங்கே சுங்க அதிகாரியின் மெஷின் தன் இஷ்டத்துக்கு ஐந்து எண்களைப் பொறுக்கும். அந்த ஐந்து மூட்டையைப் பிரித்துப் பார்ப்பார்கள். சரியாக இருந்தால் மற்ற இருநூற்று நாற்பத்தைந்தையும் யாரும் தொடமாட்டார்கள்.

ஏஜெண்டே போனில் வந்தார்.

"அஞ்சு நம்பர் கேட்டுச்சும்மா மெஷின். அம்பத்தேழு இருக்கு. நூத்தி முப்பத்தி ரெண்டு இருக்கு. மத்த ரெண்டும் இருக்கு. ஒண்ணாம் நம்பர் மட்டும் இல்ல. அதுக்குப் பதிலா நம்பரே போடாத மூட்டை ஒண்ணு. வாயோரத்துல மஞ்சக் கறை."

"பிரிச்சுப் பார்த்தாங்களா சார்?"

"பார்த்தாங்க, பார்த்தாங்க. காப்பிதான். அதுதாம்மா கஷ்டமே. இது காப்பின்னா, ஒண்ணாம் நம்பர் மூட்டை எங்கன்னு கேக்கறார் ஆபீசர். அதுல என்ன வெச்சீங்க, எங்க எறக்குனீங்க, யாருக்குக் குடுத்தீங்க? ஏற்காடுன்னு சொன்னதும் அவரு சந்தனக் கட்டையிலதான் ஆரம்பிக்கறார்."

இஸ்மாயில் பாய் ரிசீவரை மகள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் ம் கொட்டினார். வைத்தபோது அவர் காது சிவந்திருந்தது.

"ஆபீசர் லெட்டர் கேக்கறான். மூட்டை ஏத்தினவன் பேரு, ஊரு, அப்பன் பேரு எல்லாம் போட்டு, கம்பெனிக்குத் தெரியாம அவன் செஞ்ச வேலைன்னு எழுதணுமாம். நாளைக்கு நாலு மணிக்குள்ள ஃபேக்ஸ் போகணும். போனா அந்த ஒரு மூட்டையை ஒதுக்கிட்டு மத்ததை விட்டுருவாங்க. போகலைன்னா இருநூத்தம்பதையும் பிரிச்சுக் கொட்டுவாங்க. சனிக்கெழமை கப்பல் நமக்கு இல்ல."

"பேரு குடுத்தா அவங்களை என்ன பண்ணுவாங்கத்தா?"

"சென்னைக்குக் கூப்பிட்டு விசாரிப்பாங்க. அது அவன் பாடு."

யார் என்று இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை. நாகலூர் குடோனில் மூட்டை ஏற்றுவதற்கு மேஸ்திரி ஒருத்தர்தான். லாசர்.

லாசருக்கு ஐம்பது வயதிருக்கும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வேறோர் எஸ்டேட்டில் அவர் காவலாளியாக இருந்தபோது காப்பித் தொலிக் குவியலுக்குள் சந்தனத் துண்டுகள் கிடைத்தன. யார் ஒளித்தார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை. ஃபாரஸ்ட்டுக்காரர்கள் லாசரைப் பதினோரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். வழக்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் நாகலூர் பஸ்ஸில் அவர் ஏறினால் பின்சீட்டில் யாராவது 'சந்தன லாசர்' என்று முணுமுணுப்பார்கள். அவருடைய மூத்த மகளுக்கு இரண்டு இடம் வந்து அந்தப் பேச்சால் தட்டிப்போயிருந்தது. இப்போது மூன்றாவதாகக் கரடியூரில் ஓர் இடம் பேசி முடித்திருந்தார்கள். ஈஸ்டர் கழிந்ததும் மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க வேண்டியதுதான் பாக்கி.

இதெல்லாம் ஷஹீதாவுக்குத் தெரியும். தெரிந்தும் அவள் மனசு வேறு பக்கம்தான் போயிற்று. ஏனென்றால் திங்கட்கிழமை அவள் ஒன்றைப் பார்த்திருந்தாள்.

திங்கட்கிழமைதான் லாரி ஏற்றினார்கள். பக்கத்துக் கடையில் டீ குடித்துவிட்டு அவள் குடோனுக்குத் திரும்பியபோது, மூட்டை தூக்கும் பெரியசாமி வாசலில் நின்றுகொண்டிருந்தான். அவளைக் கண்டதும் தேவையில்லாமல் பெரிதாக இருமினான். உள்ளே லாசர் ஒரு மூட்டையின் வாயிலிருந்து கையை எடுத்தார். சாக்குத் தைக்கும் கிருஷ்ணம்மாள் முந்தானையில் எதையோ முடிந்துகொண்டு பின்பக்கமாகப் போனாள். அப்போது அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. இப்போது ஒவ்வொன்றும் தனித்தனியாக எழுந்து நின்றது. இருமல், கை, முடிச்சு.

மத்தியான பஸ்ஸில் நாகலூர் போனாள்.

குடோனில் லாசர் தனியாக உட்கார்ந்து, எண் வெட்டிய தகரத் தட்டுகளை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தத் தட்டைச் சாக்கின் மேல் வைத்துக் கறுப்பு மையைத் தடவினால் எண் விழும்.

"வாங்க கண்ணு. இந்த மேகத்துல எதுக்கு வந்தீங்க?"

"சும்மாதாங்கண்ணா. திங்கக்கெழமை லோடு ஏத்தினப்ப மொத மூட்டையில ஏதாவது பண்ணினீங்களா?"

துடைத்துக்கொண்டிருந்த துணி நின்றது. ஒரு மூச்சுவிடும் நேரம்தான். பிறகு மறுபடி நகர்ந்தது.

"மொத மூட்டையிலயா? ஒண்ணும் பண்ணலீங்களே. ஏனுங்க, சேலத்துல எதாச்சும் சொன்னாங்களா?"

"சேலம் இல்லீங்க. சும்மா கேட்டேன்."

"எடை சரியாத்தானே இருந்துச்சு?"

எடையைப் பற்றி அவள் கேட்கவே இல்லை. இவர் ஏன் எடையை இழுக்கிறார்?

"கிருஷ்ணம்மா அக்கா வரலீங்களா?"

"அது எதுக்குங்க இப்ப? அது புள்ளைக்குக் காய்ச்சல்." லாசர் தட்டுகளை அடுக்கிச் சாக்கில் சுற்றினார். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "நாளைக்குக் காலையில சேலத்து லோடு முப்பது மூட்டை இருக்குது. அதுக்கு அது வந்துருங்க. நீங்க வரோணும்னு இல்லீங்க, நாங்களே ஏத்திருவோம். குளுருல எதுக்கு?"

வரவேண்டாம் என்கிறார். ஷஹீதா வீட்டுக்கு வந்து அத்தாவிடம் சொன்னாள். இஸ்மாயில் பாய் தாடியைத் தடவிக்கொண்டார்.

"நீயே டைப் அடிச்சு வெச்சிரு. நாளைக்கு மத்தியானம் நான் கையெழுத்துப் போடறேன். பாவம்தான். என்ன பண்றது? நம்ம பேரையா குடுக்க முடியும்?"

அவள் டைப் அடித்தாள். லாசர், தகப்பன் பெயர் சூசை, நாகலூர். கணினியில் அந்தப் பெயரை அடித்தபோது, அடிக்கும் முன்பிருந்ததைவிட அவர் இன்னும் கொஞ்சம் குற்றவாளியாகத் தெரிந்தார். ஆனாலும் ஒரு விஷயம் உறுத்தியது. மூட்டையை மாற்றுகிறவன் எதற்காக எண் போடாமல் மாற்ற வேண்டும்? தகரத் தட்டும் மையும் அவர் கையில்தானே இருக்கிறது? ஒன்று என்று ஒரு கோடு போட எத்தனை நேரம் ஆகும்?

மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்தாள். குடோன் வாசலுக்குப் போகவில்லை. காப்பி உலர்த்தும் களத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய், தொலி குவித்து வைத்திருந்த ஜன்னலோரம் நின்றாள். இப்படி ஒளிந்து நிற்பது வெட்கமாக இருந்தது. யாராவது பார்த்தால் என்ன சொல்வது என்று ஒரு பொய்யையும் தயார் செய்து வைத்திருந்தாள்.

உள்ளே நாலு பேர் இருந்தார்கள். லாரி பின்பக்கம் திறந்து நின்றது.

"சீக்கிரம் ஆகட்டும். அம்மிணி வந்துருச்சுன்னா அப்புறம் கெட்டுது," என்றான் பெரியசாமி.

"நேத்தே மோப்பம் புடிச்சிருச்சுடா," என்றார் லாசர். "மொத மூட்டையில என்ன பண்ணினீங்கன்னு கேக்குது."

"சொல்லிப்போட வேண்டியதுதானே? என்னமோ தங்கத்தை அள்ளுன மாதிரி." இது கிருஷ்ணம்மாள்.

"உனக்கென்ன. நீ முந்தானையில முடிஞ்சுட்டுப் போயிருவ. கேக்கறது என்னையத்தானே கேப்பாங்க?"

ஷஹீதா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

லாசர் முதல் மூட்டையின் வாய்க்குள் கை விட்டார். ஒரு பிடி கொட்டையை அள்ளிக் கிருஷ்ணம்மாள் நீட்டிய முந்தானையில் போட்டார். பெரியசாமிக்கு ஒரு பிடி. லாரி டிரைவருக்கு ஒரு பிடி. தனக்கு ஒரு பிடி, சட்டைப்பையில். பிறகு தனியாக வைத்திருந்த ஒரு முறத்திலிருந்து அதே அளவு கொட்டையை மூட்டைக்குள் திருப்பிக் கொட்டினார். கிருஷ்ணம்மாள் வாயைத் தைத்தாள். லாசர் ஒரு கொட்டாங்குச்சியில் கரைத்து வைத்திருந்த மஞ்சளில் கட்டைவிரலை நனைத்து, தையலோரத்தில் சின்னதாக ஒரு சிலுவை இட்டார். மையும் தட்டும் பக்கத்திலேயே இருந்தன. அவற்றைத் தொடவில்லை.

மூட்டை பெரியசாமி முதுகில் ஏறியது.

"லாபம்!" என்றார் லாசர் உரக்க.

"லாபம்!" என்றார்கள் மூன்று பேரும்.

அடுத்த மூட்டைக்கு அவர் தகரத் தட்டை எடுத்தார். அழுத்தி மையைத் தடவினார். "ரெண்டு" என்றார். அதற்கடுத்ததற்கு "மூணு" என்றார்.

ஷஹீதாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே அது நின்றுவிட்டது. இந்த எண்ணிக்கை அவளுக்குப் புதிதா என்ன? கீழே கடையில் அத்தா தினம் அரிசி அளக்கிறார். முதல் படியைக் கொட்டும்போது, பெருகட்டும் என்று, "பரக்கத்" என்பார். அடுத்த படிக்கு "ரெண்டு". அவர் வாயிலிருந்து 'ஒண்ணு' என்று அவள் கேட்டதே இல்லை. பிறந்ததிலிருந்து காதில் விழுகிற கணக்கு. அதைக் கணினிக்கு யாரும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை.

அவள் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தாள். பெரியசாமிக்கு இருமக்கூட நேரமில்லை.

"மொத மூட்டைக்கு ஏன் நம்பர் போடலீங்கண்ணா?"

லாசர் சட்டைப்பையைக் கையால் மூடிக்கொண்டார். அந்தப் பிடி கொட்டையைப் பற்றித்தான் அவருக்குப் பயம். "கண்ணு, எடை கொறையாதுங்க. நாங்க எங்க பங்குல இருந்து திருப்பிக் கொட்டிடறோம். வேணும்னா எறக்கித் தராசுல போடுங்க. மொத மூட்டையில ஒரு பிடி ஊட்டுக்குப் போகோணுங்க, அது எங்க சனத்து வழக்கம். மாதா படத்துக்கிட்ட வெப்போம்."

"நான் அதைக் கேக்கலீங்க. நம்பரு?"

"லாபத்து மேல மை பூசுவாங்களா?" என்றாள் கிருஷ்ணம்மாள், இதுகூடத் தெரியாதா என்கிற குரலில். "கருப்புங்க அது."

"அப்ப ஒண்ணாம் நம்பர் மூட்டை?"

"ஒண்ணுன்னு ஒரு மூட்டையே கெடையாதுங்க," என்றார் லாசர். "நான் இந்த வேலைக்கு வந்து ஆறு வருசமாச்சு. ஒரு லோடுக்கும் ஒண்ணு போட்டதில்ல. சேலத்துக்காரங்க தலையை எண்ணுவாங்க, சரியா இருக்கும், போயிருவாங்க. நீங்கதான் செவுத்துல பேப்பர் ஒட்டுனீங்க, நம்பர் இல்லாத மூட்டையை ஏத்தக் கூடாதுன்னு. உங்ககிட்ட மல்லுக்கட்ட வேண்டாம்னு நீங்க டீ குடிக்கப் போனப்ப அதை மட்டும் ஏத்திட்டோம்."

பெரியசாமி மூட்டையை லாரியில் தள்ளிவிட்டுத் திரும்பினான். அவனுக்கு வாய் சும்மா இருக்காது.

"ஏனுங்க அம்மிணி, அன்னிக்கு நீங்க ஒவ்வொரு மூட்டையா நம்பர் பார்த்து டிக் போட்டீங்களே. ஒண்ணாம் நம்பருக்கு எதைப் பார்த்துங்க போட்டீங்க?"

யாரும் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே மாடியறையில் உட்கார்ந்து ஒன்றிலிருந்து இருநூற்றைம்பது வரை அவள் ஏற்றிவிட்டாள். எல்லாம் ஒரே எடை, ஒரே தரம். கணினிக்கு ஒரு வரி சொன்னால் மீதியை அதுவே அடுக்கிக்கொள்ளும். திங்கட்கிழமை அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு குடோனில் நின்றாள். லாரியில் ஏற்றத் தொடங்கும் முன் ஆம்பளைகள் மூட்டைகளை எடுத்து வைத்தபடி குறுக்கும் நெடுக்கும் போனார்கள். ஒதுங்கி நிற்க இடமில்லை. குளிர் வேறு. அவள் டீக்கடையில் போய் உட்கார்ந்து, பேனாவால் கடகடவென்று எல்லாவற்றுக்கும் டிக் அடித்தாள். கடைசியில், 'ஒவ்வொரு மூட்டையும் என் முன்னிலையில் எண் சரிபார்த்து ஏற்றப்பட்டது' என்று இருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டாள். அது சென்னைக்குப் போயிற்று. மெஷின் அதை நம்பியது. அந்த அதிகாரி தேடுகிற ஒண்ணாம் நம்பர் மூட்டை அவள் டீக்கடையில் உட்கார்ந்து உண்டாக்கினது.

"லாசரண்ணா," என்றாள். "சரக்கைச் சென்னையில நிறுத்தி வெச்சிருக்காங்க. ஒண்ணாம் நம்பரைக் காணோம்னு. ஏத்தினவங்க பேரு கேக்கறாங்க."

"எம் பேரா?"

அவள் தலையாட்டினாள்.

"என்னன்னு நெனைக்கறாங்க?"

அதை அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. லாசர் மெதுவாகத் தட்டைக் கீழே வைத்தார்.

"நீங்களும் அதைத்தான் நெனைச்சு நேத்து வந்தீங்களாக்கும்," என்றார்.

பத்து மணி பஸ்ஸில் அவள் திரும்பினாள். மாடியேறியதும் முதல் கடிதத்தை அழித்தாள். புதிதாக இங்கிலீஷில் ஒன்று அடித்தாள். முதல் மூட்டைக்கு எண் போடாதது இங்குள்ள வழக்கம். எண்ணிக்கையிலோ எடையிலோ குறை இல்லை. பட்டியலை மூட்டைகளைப் பார்த்து நான் தயாரிக்கவில்லை. முந்தின நாளே அடித்து வைத்தேன். சரிபார்த்ததாக நான் போட்ட கையெழுத்து தவறு. யாருடைய பெயரையும் போடவில்லை, தன் பெயரைத் தவிர.

மத்தியானம் இரண்டரைக்குக் கடையிலிருந்து மேலே வந்த இஸ்மாயில் பாய் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது போனா என்ன ஆகும் தெரியுமா? பட்டியலே பொய்யின்னா இருநூத்தம்பதையும் பிரிப்பாங்க. இனிமே நம்ம ஒவ்வொரு லோடையும் பிரிப்பாங்க. கப்பல் போச்சு. இத்தாலிக்காரன் அடுத்த கப்பலுக்கு ஒத்துக்குவானான்னும் தெரியாது."

"தெரியும்த்தா."

"அவன் பேரைப் போட்டா ஒரு விசாரணை. அவன்தான் ஒண்ணும் பண்ணலையே, விட்டுருவாங்க."

"போன தடவையும் விட்டுட்டாங்கத்தா. ஊருல யாரு விட்டாங்க?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நீங்க அரிசி அளக்கறப்ப மொதப் படிக்கு என்னன்னு சொல்லுவீங்க?" என்று கேட்டாள் ஷஹீதா.

கீழே யாரோ துவரம்பருப்பு கேட்டுக் குரல் கொடுத்தார்கள்.

"உன் கையெழுத்து. உன் பாடு," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். படியில் அவர் செருப்புச் சத்தம் வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்டது.

ஷஹீதா கடிதத்தை ஃபேக்ஸ் மெஷினில் வைக்கப்போகும்போது, வாசலில் லாசர் நின்றுகொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை. கையில் ஒரு துணிப்பை. அதிலிருந்து ரேஷன் கார்டும் ஒரு போர்வையின் ஓரமும் எட்டிப் பார்த்தன.

"எந்த பஸ்ஸுல போகோணும்னு சொன்னீங்கன்னா போயிருவேனுங்க. ஆளு வந்து புடிச்சுட்டுப் போனாங்கன்னு ஆகக் கூடாது. கரடியூர்க்காரங்க காதுக்குப் போயிரும்."

"நீங்க எங்கயும் போக வேண்டாங்கண்ணா. உங்க பேரையே நான் எழுதலை. இதோ பாருங்க."

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். தலைகீழாகப் பிடிக்கவில்லை, ஆனால் அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. "இங்கிலீசுல இருக்குதுங்க."

"நான் படிச்சுச் சொல்றேன்."

அவள் தமிழில் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். கேட்டு முடித்து, தாளை நாலாக மடித்தார்.

"கோவிச்சுக்காதீங்க கண்ணு. நீங்க படிக்கறது ஒண்ணு, இதுல இருக்கறது ஒண்ணுன்னு இருந்துட்டா? அன்னிக்கு ஃபாரஸ்ட்டுக்காரங்களும் படிச்சுக் காட்டித்தான் கையெழுத்து வாங்குனாங்க. எஸ்டேட்டுல கணக்கெழுதற ரைட்டர் தேவசிகாமணி இந்நேரம் தபாலாபீசுல இருப்பாரு. அவருகிட்டக் காட்டிட்டு வந்துரட்டுங்களா?"

மணி மூன்று. நாலுக்குள் போக வேண்டும். அவளுக்குக் காது வரை சூடேறியது. உங்களுக்காகத்தானே இத்தனையும் என்று வாய் வரை வந்துவிட்டது. நேற்றுக் காலையிலிருந்து தான் அவரை எப்படிப் பார்த்தோம் என்பதும் கூடவே வந்தது.

"போய்ட்டு வாங்க. நீங்க வந்தப்புறம்தான் அனுப்புவேன்."

அவர் போனார். மூன்றேகால் ஆயிற்று. மூன்றரை ஆயிற்று. ஏஜெண்ட் போன் செய்து, "என்னம்மா, வருதா வரலையா?" என்றார். வருகிறது என்றாள். திரும்பி வராமல் அப்படியே ஊருக்குப் போய்விடுவாரோ என்று தோன்றியது. அந்தத் தாளைக் கொண்டுபோய் வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவாரோ என்றும் தோன்றியது. சந்தேகப்படுவது இத்தனை சீக்கிரம் கைவந்துவிடும் என்று அவளுக்கே தெரியாது.

மூன்று நாற்பதுக்கு அவர் படியேறி வந்தார். மூச்சு வாங்கியது. தாளை மேஜையில் விரித்தார்.

"நீங்க சொன்னதுதான் இருக்குதுன்னு ரைட்டரு சொன்னாரு. எம் பேரு இல்லையாம்." அவர் விரல் இரண்டாவது வரிக்குப் போயிற்று. அந்த இடத்தை அவருக்கு யாரோ காட்டிக்கொடுத்திருந்தார்கள். "ஆனா இங்க, எழுத்தறியாத கூலிக்காரங்களோட மூடப் பழக்கம்னு இருக்குதாம். அதை நீங்க எங்கிட்டப் படிக்கலை."

அவள் படிக்கவில்லைதான். தமிழில் சொல்லும்போது அந்த இடத்தைத் தாண்டிவிட்டிருந்தாள்.

"சென்னையில புரியறதுக்காக அப்படி..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டாள்.

"அதை எடுத்துருங்க."

அவள் உட்கார்ந்தாள். அந்த வரியை அழித்தாள். 'சரக்கு அளக்கும்போது முதல் அளவுக்கு எண் சொல்வதில்லை. எங்கள் கடை முதலாளி முகமது இஸ்மாயிலும் அப்படித்தான் அளக்கிறார்' என்று அடித்தாள். பிரிண்டர் கரகரவென்று இழுத்துத் துப்பியது. மூன்று ஐம்பது.

"இப்ப என்ன போட்டிருக்கீங்க?"

படித்துச் சொன்னாள். இந்த முறை ஒவ்வொரு வரியின் மேலும் விரலை வைத்துச் சொன்னாள். லாசர் தாளைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடியும் தபாலாபீஸ் போய்வர நேரமில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

"பாய் இதைப் பார்த்தாருங்களா?"

"இந்த வரியைப் பார்க்கலை."

"வைவாரு."

"வையட்டும்."

லாசர் கையிலிருந்த பையை மேஜையில் வைத்தார். பிறகு, "சரி, அனுப்புங்க," என்றார்.

கையெழுத்துப் போட்டு மெஷினில் வைத்தாள். சென்னை எடுத்தது. தாள் அங்குலம் அங்குலமாக உள்ளே போயிற்று. லாசர் குனிந்து, அதன் கடைசி ஓரம் மறுபக்கம் வந்து விழும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு மெஷின் ஒரு சின்னச் சீட்டைத் துப்பியது. நேரம், நம்பர், ஒரு பக்கம், போய்ச் சேர்ந்தது.

"அந்தச் சீட்டை எனக்குக் குடுங்க."

கொடுத்தாள்.

"இப்பப் போன தாளையும் குடுங்க. நான் ரைட்டருகிட்டக் காட்டினேனே, அதையும்."

"அது வேண்டாத தாளுங்கண்ணா. அந்த வார்த்தையெல்லாம் இருக்கு."

"இருக்கட்டுங்க. மூணும் எங்கிட்டயே இருக்கட்டும், நாளைக்கு யாராச்சும் கேட்டாக் காட்டறதுக்கு."

அவர் மூன்றையும் ஒன்றாக மடித்து ரேஷன் கார்டுக்குள் செருகி, கார்டைப் பைக்குள் போர்வைக்கு அடியில் வைத்தார். "வர்றேனுங்க," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். கீழே கடைவாசலில் அத்தா அவரிடம் என்னவோ கேட்பதும் அவர் நிற்காமல் ஏதோ சொல்லிவிட்டுப் போவதும் மாடிக்குக் கேட்டன. என்ன சொன்னார் என்பது மட்டும் காதில் விழவில்லை.